கடையும் சபையும்

1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிஸில் டாகேரின் படமெடுக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த ஜனவரியிலேயே கல்கத்தாவின் தாக்கர் நிறுவனம் டாகேரியோடைப் கேமரா விற்பனைக்கு வந்திருப்பதாக விளம்பரம் கொடுத்துவிட்டது. விளம்பரம் வந்த பத்திரிகை ‘ஃபிரெண்ட் ஆஃப் இந்தியா’. அது அச்சானது செராம்பூரில், அதாவது கல்கத்தாவுக்கு எதிரே, ஹவுரா இருக்கும் ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில். நீராவிக் கப்பலும் தபால் வண்டியும் மட்டுமே இருந்த காலத்தில் ஐந்தே மாதத்தில் ஒரு கண்டுபிடிப்பு கடைக்கு வந்துவிட்டது என்றால், கல்கத்தா வியாபாரிகளின் வேகத்தை என்னவென்பது!

கடைக்கு முன்பே சபை முந்திக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1839 அக்டோபரில், கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வில்லியம் புரூக் ஓஷானஸி, ஒளிபட்டுக் கறுக்கும் தாள்களில் தாம் எடுத்த உருவங்களை ஆசியச் சங்கத்தில் காட்டினார். இந்தியாவில் தந்திக் கம்பி போட்ட அதே ஓஷானஸிதான். செய்முறையை ஒருவர் அவையில் விளக்கினார். சில மாதங்களில் கருவியை இன்னொருவர் கடையில் வைத்தார். இன்றைக்கு ஆண்டுதோறும் இந்திய நகரங்களில் நடக்கும் புகைப்பட மாநாடு, வணிகக் கண்காட்சி எல்லாவற்றின் எலும்புக்கூடும் இவ்வளவுதான்: ஒரு பக்கம் சபை, ஒரு பக்கம் கடை. இரண்டில் எது பெருக்கிறது, எது இளைக்கிறது என்பதுதான் கேள்வி.

சபை எப்படி இருந்தது என்று பார்க்கலாம். பம்பாயில் 1854-இல் புகைப்படச் சங்கம் தோன்றியது. 1856-இல் வங்காளப் புகைப்படச் சங்கம் கல்கத்தாவில் அமைந்தது. சென்னையிலும் அதே காலத்தில் ஒன்று உருவானது. கலைத்தொழிற் பள்ளியை நிறுவிய டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் அதற்குப் பின்னால் இருந்தார். ஆங்கிலேய அதிகாரிகள், ராணுவத்தார், மருத்துவர்கள் நிறைந்த இடம்தான். ஆனாலும் கல்கத்தாச் சங்கத்தின் பொருளாளர் ஒரு வங்காளி: ராஜேந்திரலால் மித்ரா. கல்வெட்டும் சுவடியும் படித்த அறிஞர், கேமராவும் கையாண்டவர்.

1857 ஏப்ரலில் கல்கத்தா டவுன் ஹாலில் ஒரு கூட்டம். உள்நாட்டில் குடியிருந்த ஐரோப்பியர்களையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் குற்றவியல் நீதிமன்றங்களுக்குக் கட்டுப்படுத்தலாம் என்று அரசு யோசித்தபோது, அவுரித் தோட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களுக்கு எதிராக இந்தியர்கள் கூட்டிய கூட்டத்தில் மித்ரா பேசினார். தோட்டக்காரர்கள் எப்படிப்பட்டவர்கள், குடியானவனை என்ன பாடு படுத்துகிறார்கள் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். பேச்சு அச்சாகி வெளிவந்ததும் புகைப்படச் சங்கத்துக்குள் புயல். லென்ஸுக்கும் அவுரிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. மித்ரா சங்கத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார்; அவருக்காகச் சிலர் தாங்களும் விலகினார்கள். அதற்குப் பின் 28 ஆண்டு கழித்து, 1885-இல், ஆசியச் சங்கத்தின் முதல் இந்தியத் தலைவராக அவர் உட்கார்ந்தார். இடைப்பட்ட காலத்தில் ஒரிசாக் கோயில்களைப் பற்றி அவர் வெளியிட்ட பெரிய நூலில் படங்களுக்கு முக்கிய இடம் இருந்தது. சங்கம் அவரைக் கைவிட்டாலும் கேமராவை அவர் கைவிடவில்லை.

இந்தக் கதையை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சண்டை போடுமளவுக்கு அந்தச் சபையில் உயிர் இருந்தது. யார் உறுப்பினர், யார் எதைப் பேசலாம், படம் எடுப்பவனுக்கு ஊர்ப் பொதுக் காரியத்தில் என்ன பங்கு என்பதெல்லாம் அங்கே பிரச்சினையாக இருந்தன. இன்று மூன்று நாள் நடக்கும் ஒரு கண்காட்சியில் எழுகிற மிகப் பெரிய சர்ச்சை, கேஷ்பேக் எவ்வளவு என்பதுதான்.

தெற்கே நடந்ததையும் ஒரு வார்த்தை. 1855-இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் கேப்டன் லினியஸ் டிரைப், ஹளேபீடு, பேலூர்க் கோயில்களின் 68 படங்களை வைத்தார். அந்தக் காட்சி அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. அடுத்த ஓரிரு ஆண்டில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகவே ஆனார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை 1858-இல் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். கணினியில் பொத்தானை அழுத்திப் பனோரமா தைக்கும் இன்றைய இளைஞர்கள் அந்தச் சுருளை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் கெமிக்கலோடு போராடிய மனிதர் அவர். கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் வந்து, இந்தச் செலவு அரசுக்கு ஆடம்பரம் என்று வேலையையே மூடிவிட்டார். பட்ஜெட் வெட்டு அன்றைக்கே உண்டு.

இனி இன்றைய கண்காட்சிக்குள் போகலாம்.

ஹவுராவில் ஸ்டூடியோ வைத்திருப்பவருக்குக் கல்கத்தா போவது இப்போது பெரிய வேலையில்லை. 2024 மார்ச்சில் ஹவுரா மைதானத்திலிருந்து எஸ்பிளனேடுக்கு மெட்ரோ ஓடத் தொடங்கியது. ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலுள்ள 520 மீட்டரை ரயில் 45 விநாடியில் கடக்கிறது. எஸ்பிளனேடில் இறங்கிச் சற்றே நடந்தால் மெட்காஃப் தெரு. கேமரா, பழைய லென்ஸ், பிளாஷ், பேட்டரி, ரிப்பேர் எல்லாம் ஒரே தெருவில். ஆண்டு முழுக்க இப்படி ஒரு தெருவே கடை விரித்திருக்கும்போது தனியாகக் கண்காட்சி எதற்கு? கடைக்காரர் தம்மிடம் உள்ளதைக் காட்டுவார். கண்காட்சியில் கம்பெனிக்காரர் இனி வரப்போவதைக் காட்டுவார். அதோடு, தெருவில் போட்டியாளர்களாக இருப்பவர்கள் கண்காட்சியில் ஒரே கூரையின்கீழ் டீ குடிப்பார்கள். எங்கே என்ன ரேட் ஓடுகிறது என்ற உண்மை அந்த டீயோடுதான் வெளிவரும்.

இந்தியப் புகைப்படக் கண்காட்சி என்றால் அது கல்யாணத் தொழிலின் கண்காட்சி. விலங்குப் படம், பத்திரிகைப் படம் எல்லாம் ஓரத்தில். நடுக்கூடத்தை நிறைப்பவை ஆல்பம் அச்சிடும் லேப்கள், எல்இடி விளக்குகள், கிம்பல்கள், பெரிய திரைகள், முகம் தேடிப் படம் பிரித்துத் தரும் மென்பொருள்கள். ஒவ்வொரு பெரிய கேமரா கம்பெனியும் ஒரு சின்ன மேடை போடும். அதில் மணப்பெண் அலங்காரத்தில் ஒரு மாடல் உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் ஐம்பது அறுபது பேர், அனைவர் கையிலும் இரவல் லென்ஸ். எல்லாரும் அதே முகத்தை அதே வெளிச்சத்தில் எடுத்து, திரையில் பெரிதாக்கி, கண்ணிமை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த மேடையின் விளக்கு யார் எடுத்தாலும் படம் நன்றாக வரும்படி அமைத்தது. லென்ஸின் குணம் அங்கே தெரியாது. விவரமறிந்தவர் தம் மெமரி கார்டைப் போட்டு, மேடையை விட்டுத் திரும்பி, கூடத்தின் இருண்ட மூலையில் நடந்துபோகிறவர்களை எடுப்பார். மண்டபத்தின் பின்கட்டில் நாளைக்குக் கிடைக்கப்போவது அந்த வெளிச்சம்தான்.

வங்காளத்துக்கென்று ஒரு தனிக் கணக்கும் இருக்கிறது. தமிழ்க் கல்யாணத்தில் முகூர்த்தம் பெரும்பாலும் காலையில். தாலி கட்டும் நேரம் மேளச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். வங்காளிக் கல்யாணம் பெரும்பாலும் இரவில், லக்னம் பார்த்து. மணப்பெண்ணை மரப்பலகையில் உட்காரவைத்து உறவினர்கள் தூக்கிவருவார்கள். அவள் வெற்றிலையால் முகத்தை மறைத்திருப்பாள். மாப்பிள்ளையை ஏழுமுறை சுற்றிய பின் வெற்றிலை விலகும், இருவர் கண்ணும் சந்திக்கும். சுபதிருஷ்டி என்கிற அந்த நொடியைத் தவறவிட்டால் மறுபடி எடுக்க வழியில்லை. தூக்கியவர்கள் ஆடுகிறார்கள், கூட்டம் நெருக்குகிறது, தலைக்கு மேல் மஞ்சள் பல்பு. ஆகவே ஹவுராக்காரர் கண்காட்சியில் கேமராவைவிட விளக்கு ஸ்டாலில் அதிக நேரம் நின்றால் அதில் நியாயம் இருக்கிறது.

ஈரப்பதம் இன்னொரு விஷயம். ஹூக்ளிக் கரை மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சாதாரணம். ஈரத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருக்கும் டிரை கேபினட் ஒன்று, புதிய லென்ஸில் பாதி விலைகூட ஆகாது. ஆனால் கண்காட்சியில் அதன்முன் கூட்டம் இருப்பதில்லை. அதில் செல்ஃபி எடுக்க முடியாதே!

ஆல்பம் லேப்களிடம் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். அவர்கள் காட்டும் மாதிரி ஆல்பத்தைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. மாநிறம், கறுப்பு, சிவப்பு என மூன்று நிறத்து முகங்களும் பட்டுப்புடவையும் உள்ள சொந்தப் படம் ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோய், மூன்று லேப்களிடம் கொடுத்து அச்சிட்டுத் தரச் சொல்ல வேண்டும். மூன்றையும் பக்கத்தில் வைத்தால் பேச்சே தேவையில்லை. சம்மதிக்காத லேப்பும் ஒரு பதிலைச் சொல்லிவிட்டது.

இந்தச் சந்தைக்குப் பின்னால் உலக அளவில் ஒரு பெரிய சரிவு நடந்திருக்கிறது. ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கக் கணக்குப்படி 2010-இல் உலகெங்கும் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். 2020-இல் அது 90 லட்சத்துக்கும் குறைவு. செல்போன் மற்றதை விழுங்கிவிட்டது. 1950-இல் ஜெர்மனியின் கொலோனில் தொடங்கிய ஃபோட்டோகினா, புகைப்படத் தொழிலின் கும்பமேளாவாக இருந்தது. கடைசியாக நடந்தது 2018-இல்; 2020-இல் நிறுத்திவிட்டதாக அறிவித்தார்கள். யோகோஹாமாவின் சிபி பிளஸ் இன்னும் நடக்கிறது.

ஃபோட்டோகினா எழுபதாண்டு நின்றதற்குக் கேமரா வியாபாரம் மட்டும் காரணமில்லை. தொடக்கத்திலிருந்தே அங்கே எல். ஃபிரிட்ஸ் க்ரூபர் என்ற ஒருவர் இருந்தார். விற்பனைக் கூடத்தை ஒட்டியே படக்காட்சிகளை அவர் அமைத்தார். உலகின் பெரிய கலைஞர்களின் படங்கள், ஆண்டுக்கணக்கில், நூற்றுக்கணக்கான காட்சிகள். பிலிம் விலை கேட்க வந்த வியாபாரி, அடுத்த கூடத்தில் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோனின் தரத்தில் ஒரு படத்தின்முன் நின்றுவிட்டுத்தான் வெளியேறுவார். க்ரூபர் சேர்த்த படங்கள் இன்று கொலோனின் லூட்விக் அருங்காட்சியகத்தில் உள்ளன. கடைக்காரர்களின் பணத்தில் சபை நடத்திய சாமர்த்தியசாலி!

நம் நாட்டில் சபை தனியே வேறொரு வழியில் போய்விட்டது. 1950-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஃபியாப் என்ற சர்வதேசக் கூட்டமைப்பு உருவானது. 1953-இல் இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பு. 1957-இல் பேணு சென் முன்னின்று தொடங்கிய டம் டம் புகைப்படச் சங்கம், வங்காளத்தில் ஒரு தலைமுறைக்கே படம் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. சனி, ஞாயிறுகளில் படத்தைச் சுவரில் ஒட்டி, எடுத்தவரை உட்காரவைத்துக்கொண்டே பிய்த்து எறியும் விமரிசனம் இத்தகைய சங்கங்களின் சொத்து. தொழில்முறைக் கண்காட்சிக்கு வருகிற கல்யாணப் போட்டோகிராபருக்கு அந்தப் பயிற்சி கிடைப்பதில்லை. சங்கத்து அமெச்சூருக்குத் தொழிலின் கஷ்டம் தெரிவதில்லை.

சங்கங்களுக்கும் ஒரு நோய் உண்டு. சலோன் போட்டிகளில் இத்தனை படம் ஏற்கப்பட்டால் இந்தப் பட்டம் என்று ஏற்பாடு இருக்கிறது. பெயரைவிடப் பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகள் நீளமான விசிட்டிங் கார்டுகளைக் கண்காட்சியில் கட்டுக்கட்டாகச் சேகரிக்கலாம். பட்டத்துக்குப் படம், படத்துக்கு இடம் என்று தேடி எல்லாரும் ஹவுராப் பாலத்தின் கீழ்தான் வந்து நிற்கிறார்கள். மல்லிக் காட் பூச்சந்தை, படித்துறைக் குளியல், மண் பூசிய மல்யுத்த வீரர்கள்; இல்லையென்றால் குமார்டுலியில் கண் திறக்கும் துர்கை. 26,500 டன் எஃகில் 1943-இல் திறந்த பாலம் இது. அதன்மேல் நின்று படம் எடுக்கக்கூடாது என்ற தடை அறிவிப்பு இருந்தும் உலகில் அதிகம் படமெடுக்கப்பட்ட பாலங்களில் ஒன்று. ஆனால் ஹவுராவின் பேலிலியஸ் சாலைப் பட்டறைகளையோ, செவ்வாய்க்கிழமை கூடும் மங்களா ஹாட் ஜவுளிச் சந்தையையோ சலோன் சுவர்களில் காண்பது அரிது. தொலைவிலிருந்து விமானத்தில் வந்தவர் பாலத்தை எடுக்கட்டும். ஹவுராவிலேயே பிறந்தவரும் அதையே எடுப்பதுதான் வருத்தம்.

சரி, இந்த ஆண்டுக் கண்காட்சிகளில் எதைப் பேச வேண்டும்? சட்டத்தை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு, கூலிக்கு எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு முதல் உரிமையாளர் யார் என்று சொல்கிறது: வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவர்தான். கல்யாணப் படத்தை எடுத்தவர் தம் இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொள்வது மணமக்களின் தயவு என்று அர்த்தம். ஒரு பக்க ஒப்பந்தம் இருந்தால் நிலைமை மாறும். அந்த ஒரு பக்கம் எத்தனை ஸ்டூடியோக்களில் இருக்கிறது? 2012 திருத்தத்துக்குப் பின் புகைப்படத்தின் உரிமைக் காலம் எடுத்தவரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும் என்று நீண்டது. பேரப்பிள்ளைக்குப் போக வேண்டிய சொத்து, ஒப்பந்தத் தாள் இல்லாததால் கை நழுவுகிறது.

டிரோன் ஸ்டால்களில் இன்னும் மோசம். 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி 250 கிராம் வரை எடையுள்ள நேனோ டிரோனை ஓட்டத் தனிச் சான்றிதழ் வேண்டாம். அதற்கு மேல் 2 கிலோ வரையுள்ள மைக்ரோ வகையைப் பொழுதுபோக்குக்கு ஓட்டினால் சான்றிதழ் வேண்டாம். சம்பளத்துக்கு ஓட்டினால் வேண்டும். கல்யாண மண்டபத்தின் மேலே பறப்பது சம்பளத்துக்குத்தான். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு டிரோன் இறக்குமதியையே மத்திய அரசு சில விதிவிலக்குகளோடு தடை செய்துவிட்டது. விற்பவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். போலீஸ் கேட்கும்போது ஓட்டுபவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு வழக்கறிஞரை அழைத்து ஒரு மணி நேரம் பேசவைத்தால், பத்துப் பிராண்ட் தூதர்களின் பேச்சைவிடப் பயன் அதிகம்.

கடை மட்டுமே நிலைக்கும் என்று நம்புவோருக்கு ஊட்டியைக் காட்டலாம். 1960-இல் நிறுவப்பட்டு, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் தாளும் எக்ஸ்ரே பிலிமும் நாடு முழுதும் அனுப்பியது. நலிந்த நிறுவனமாக 1990-களிலேயே அறிவிக்கப்பட்டு, பின்னர் ஒரேயடியாக மூடப்பட்டது. அந்தப் பிலிமில் எடுத்த படங்கள் இன்னும் பீரோக்களில் இருக்கின்றன; அதைத் தயாரித்த இயந்திரம்தான் இல்லை.

படங்கள் எங்கே என்று கேட்டால் கல்கத்தாவின் கணக்கு கொஞ்சம் கசப்பானது. சாமுவேல் போர்ன் 1863-இல் இந்தியா வந்தார். போர்ன் அண்ட் ஷெப்பர்ட் நிறுவனம் கல்கத்தாவில் எஸ்பிளனேட் அருகே ஒன்றரை நூற்றாண்டு நடந்தது. 1911 டெல்லி தர்பாரை எடுத்தது அவர்கள். ஹவுராவின் ஷிப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்தையும் எடுத்தார்கள். நோய் பிடித்த அதன் தாய்மரத்தை 1925-இல் வெட்டி அகற்றிவிட்டார்கள். விழுதுகள் மட்டுமே இன்று தோப்பாக நிற்கின்றன. தாய்மரம் எப்படி இருந்தது என்று அறிய அந்தக் காலத்துப் படங்கள்தான் கதி. 1991 பிப்ரவரியில் அந்த ஸ்டூடியோவில் தீப்பற்றி, நெகட்டிவ் களஞ்சியத்தின் பெரும்பகுதி கருகியது. 2016 ஜூனில் கடையும் மூடியது.

ஹவுராவை அடுத்த பேலூர் மடத்துக்குப் போகிறவர்களுக்கு ஸ்ரீராமகிருஷ்ணர் அமர்ந்த நிலையில் இருக்கும் படம் தெரியும். சென்னை மயிலாப்பூர் மடத்திலும், தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான வீட்டுப் பூஜையறைகளிலும் அதே படம்தான். அதைத் தட்சிணேசுவரத்தில் எடுத்தவர் போர்ன் அண்ட் ஷெப்பர்டில் வேலை பார்த்த அபிநாஷ் சந்திர தான் என்பவர். கண்ணாடி நெகட்டிவ் கைதவறி விழுந்து ஓரத்தில் உடைந்துபோக, உடைந்த பகுதியை நீக்கி மேல்விளிம்பை வளைவாக வெட்டினார் என்று மடத்தின் வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. படத்தின் மேல்விளிம்பு வளைவாக இருப்பது அதனால்தான். ஒரு ஸ்டூடியோ உதவியாளர் உடைந்த கண்ணாடியைக் குப்பையில் போடாததால் உலகத்துக்குக் கிடைத்த படம் அது.

ஹவுராவிலும் ஷிப்பூரிலும் சால்கியாவிலும் பழைய ஸ்டூடியோக்களின் பரணில் இன்னும் டப்பா டப்பாவாக நெகட்டிவ்கள் உண்டு. டப்பாவைத் திறந்ததும் காடி வாசனை அடித்தால் அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள்; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும், ஈரத்தில் வேகமாகப் பரவும். பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டு அமிலமில்லாத காகித உறையில் போடுவதும், வாசனை அடிப்பவற்றைத் தனியே பிரிப்பதும், ஸ்கேன் செய்வதும் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைகள். கண்காட்சி நடத்தும் வியாபாரிகள் சங்கத்தாரிடமும் புகைப்படச் சங்கத்தாரிடமும் கேட்பது இதுதான்: அடுத்த ஆண்டு கூடத்தின் நடுவில், மணப்பெண் மேடைக்குப் பக்கத்திலேயே, வாடகை வாங்காமல் ஒரு ஸ்டால் ஒதுக்குங்கள். ஒரு ஸ்கேனர், ஒரு வழக்கறிஞர், நெகட்டிவ் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் அங்கே மூன்று நாளும் உட்காரட்டும். ஸ்டூடியோக்காரர்கள் புது லென்ஸ் பார்க்க வரும்போது பரணிலிருந்து ஒரு டப்பாவையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.